உக்கடம் பஸ்ஸும் முதலாமாண்டுப் பொறியியல் மாணவரின் பல்திறனும்: ஒரு முன்னாய்வு

பொறியியல் கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர் ஏன் எந்த மன்றத்திலும் நிலைப்பதில்லை என்ற கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. கூச்சம் என்பர் பேராசிரியர். இங்கிலீஷ் பயம் என்பர் சீனியர். போன்தான் காரணம் என்பர் பெற்றோர். மூன்றும் பிழை. நான்காவது விடை ஒன்று உண்டு. அது கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்டில், இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருக்கிறது.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுத்துக் கொள்வோம். கலந்தாய்வு முடிந்து கல்லூரி திறந்ததும் 'இன்டக்‌ஷன்' நடக்கும். ஏ.ஐ.சி.டி.இ. 2017-இல் இதை மூன்று வார நிகழ்ச்சியாக வகுத்துக் கொடுத்தது. அந்த நாட்களில் வராந்தா நெடுக மேசை போட்டு சீனியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., யூத் ரெட் கிராஸ், ரோட்டராக்ட், ஐ-ட்ரிபிள்-இ, எஸ்.ஏ.இ., தமிழ் மன்றம், கோடிங் கிளப், போட்டோகிராபி கிளப். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கியூ.ஆர். கோடு. புதியவர் அத்தனையையும் ஸ்கேன் செய்கிறார். கேமரா இல்லாதவர் போட்டோகிராபி கிளப்பிலும், நீச்சல் தெரியாதவர் என்.சி.சி. கடற்படைப் பிரிவிலும் பேர் கொடுக்கிறார். பொங்கலுக்குள் இவற்றில் எஞ்சுவது ஒரு டி-ஷர்ட்டும், மியூட் செய்யப்பட்ட சில வாட்ஸப் குழுக்களும். இடையில் நடந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

களமாக உக்கடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காடு பஸ்கள் புறப்படும் இடம் இது. கல்லூரிகளோ பீளமேட்டில், தடாகம் சாலையில், இன்னும் வடக்கே. தெற்கத்தி மாணவர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை இந்த வாசலைக் கடந்தே ஆகவேண்டும். ஆய்வுமுறை எளியது: பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது. ஐ.டி. கார்டு கயிற்றின் நிறத்தை வைத்தே கல்லூரியைச் சொல்லும் திறன் சில வாரங்களில் கைவந்துவிடும். டீ, தேங்காய் பன் ஆகியவை ஆய்வாளரின் சொந்தச் செலவு. நிதி நல்கை கோரி எங்கும் விண்ணப்பிக்கப்படவில்லை, கிடைத்துவிடக் கூடாதே என்ற அச்சத்தால்.

கண்டறிந்த முதல் விதி இது: மன்றக் கூட்டம் என்பது காலேஜ் பஸ் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் தொடங்குவது.

இதில் சதி ஏதும் இல்லை என்க. வகுப்பும் லேபும் முடிந்தால்தான் கூட்டம் போட முடியும். வகுப்பும் லேபும் முடிந்தால்தான் பஸ்ஸும் கிளம்பும். ஒரே மணி அடித்து இரண்டும் புறப்படுகின்றன, எதிரெதிர்த் திசையில். இதனால் மாணவர் உலகம் இரண்டாகப் பிரிகிறது. ஹாஸ்டலர் செக்ரட்டரி ஆகிறார். டே ஸ்காலர் வாலண்டியர் ஆகிறார். சிம்போசியம் அன்று செக்ரட்டரி மேடையில் கோட் போட்டு நிற்பார், வாலண்டியர் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பார். சர்டிபிகேட்டில் இருவரது பெயரும் ஒரே எழுத்துருவில்தான் அச்சாகிறது. ஆனால் வாலண்டியருக்கு அன்றைய வகுப்புகளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைக்கிறது. எழுபத்தைந்து சதவீத வருகையை எண்ணி வாழும் உயிருக்கு அது சிறிய வரமல்ல.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்கு இரவு நெடுநேரம்வரை அடுத்தடுத்து பஸ் இருக்கிறதே, கூட்டம் முடிந்தே ஏறலாமே எனின், அற்றன்று. இது ஹாஸ்டலில் இருப்பவர் எழுப்பும் தடை. கிணத்துக்கடவுக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் தந்த விளக்கத்தை அப்படியே தருகிறேன்: "ஏனுங்ணா, பொள்ளாச்சி பஸ்ஸு எப்ப வேணாலும் இருக்குதுங்ணா. எங்கூருக்குப் போற டவுன் பஸ்ஸுதான் எட்டு மணியோட செரி. அத உட்டா எங்கப்பா டி.வி.எஸ். எடுத்துட்டு வரோணும். அவரு வண்டி எடுத்துட்டு வாரப்ப மோட்டாரு ஆரு பாக்கறது?"

ஆக, கடைசி பஸ் உக்கடத்தில் இல்லை. அது பொள்ளாச்சியில், வேறொரு மூலையில் நிற்கிறது. அதற்கும் பின்னால் மும்முனை மின்சாரம் நிற்கிறது. தோட்டத்துக்கு த்ரீ பேஸ் வரும் நேரத்தில் வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருந்தாகவேண்டும் என்பது கொங்கு நாட்டின் எழுதப்படாத ரெகுலேஷன். பல்கலைக்கழக ரெகுலேஷன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், இது மாறாது. மின்னியல் துறை மன்றம் மாலையில் கூடி 'தூண்டல் மோட்டாரின் பாதுகாப்பு' என்று பேசிக்கொண்டிருக்க, அதன் பதிவு பெற்ற உறுப்பினர் மோட்டார்க் கொட்டாய் ஓரம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து டார்ச் வெளிச்சத்தில் ஃபியூஸ் போட்டுக்கொண்டிருப்பார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஆப்சென்ட்.

மாணவியரின் நிலை தனி ஆய்வுக்குரியது. அரசின் விடியல் பயணத் திட்டத்தில் டவுன் பஸ் இலவசம் என்பதால் பீளமேட்டிலிருந்து உக்கடம் வரை செலவில்லை. அதன்பின் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு. வீட்டிலிருந்து வரும் போன் எல்லாத் தடத்திலும் இலவசம். "கெளம்பிட்டயா அம்மிணி?" என்ற கேள்விக்கு, மன்றக் கூட்டம் நடக்கும் ஹாலில் உட்கார்ந்தபடி "பஸ்ஸுல ஏறிட்டேம்மா" என்று சொல்பவர்களே பிற்காலத்தில் நல்ல மேடைப் பேச்சாளர் ஆகின்றனர்.

பஸ்ஸும் பொறியியல் கல்லூரியும் சந்திக்கும் இத்துறையின் மூலவர் ஜி.டி. நாயுடு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கியவர். 1945-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி வரக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் அமர்ந்தார். நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்றார். அரசு ஒப்பவில்லை. விலகிவிட்டார். இதைப் பாடத்திட்டம் பற்றிய கருத்து என்றே இதுவரை எல்லோரும் பொருள் கொண்டுவிட்டனர். பஸ் முதலாளி சொன்னதைப் பஸ் கணக்கில் அல்லவா பார்க்கவேண்டும்? நாலில் இரண்டு பயணத்துக்குப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கல்லூரி பிறகு தடாகம் சாலைக்குப் பெயர்ந்து, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. அவினாசி சாலையில் 'ஹோப் காலேஜ்' என்ற ஸ்டாப்பிங் மட்டும் அங்கேயே நிற்கிறது. கல்லூரி போய்விட்டாலும் கண்டக்டர் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசில் ஊதுகிறார். கல்லூரி, பஸ் இரண்டில் எது மூத்தது என்ற வாதத்தை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

விதிக்கு விலக்குகளும் உள. மிக முக்கியமானது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய இத்திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். ஆய்வாளரைக் கவர்ந்தது அந்த ஏழு நாள்தான். ஏழு நாளும் ஊரிலேயே தங்கல், மாலையில் பிடிக்க பஸ்ஸே கிடையாது. கல்லூரியில் குரல் கேட்டறியாத டே ஸ்காலர் அங்கே வேறு ஆளாகிறார். வாய்க்கால் தூர்வார மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று செக்ரட்டரி யோசிக்கும்போது இவர் பாதி தூரம் வெட்டி முடித்திருப்பார். ஊர்ப் பெரியவரிடம் "வாங்க, சாப்ட்டீங்களா?" என்று பேச்செடுத்து, பள்ளிக்கூடத்துச் சாவி, தண்ணீர்த் தொட்டி, சமையலுக்குப் பெரிய பாத்திரம் எல்லாவற்றையும் அரை மணியில் வாங்கி வந்துவிடுவார். பொறுப்பாசிரியர் அவர் பெயரை அன்றுதான் கேட்பார். எட்டாம் நாள் எல்லோரும் கல்லூரிக்குத் திரும்புவர். மணி அடிக்கும். பஸ் கிளம்பும்.

எதிர்த்திசைச் சான்றும் ஒன்று உண்டு. மாணவர்களே வடிவமைத்துக் கட்டிய பந்தயக் கார்களை ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி, செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடப்பது. உக்கடத்திலிருந்து போத்தனூர் தாண்டினால் வந்துவிடும். ஆனால் கார் கட்டுவது ராத்திரி வேலை. வொர்க்‌ஷாப்பில் வெல்டிங் சூடு பிடிப்பதே ஒன்பது மணிக்குமேல். எனவே செட்டிபாளையத்துக்காரர், தம் வீட்டுப் பக்கத்து டிராக்கில் ஓடப்போகும் காரில் ஒரு போல்ட்டும் முடுக்காமல், பார்வையாளர் பக்கம் நின்று கைதட்டுகிறார்.

கூட்டங்களை மதிய உணவு வேளைக்கு மாற்றலாம் என்பது இவ்வாய்வின் பணிவான பரிந்துரை. மாற்று யோசனையாக, பொள்ளாச்சி பஸ்ஸின் கடைசி சீட்டையே ஒரு மன்றமாக அங்கீகரிக்கலாம். ரெகார்டு எழுதுவது, சி புரோகிராமில் விடுபட்ட செமிகோலனைத் தேடுவது, செமஸ்டர் கணக்கை அடுத்தவருக்குப் புரியவைப்பது எல்லாம் அங்கே ஏற்கெனவே தவறாமல் நடக்கின்றன. குறை என்னவென்றால் ஃபேகல்டி அட்வைசர் உட்கார இடம் இல்லை.

மேம்பாலம் பற்றிக் கூறாவிட்டால் ஆய்வு முழுமை பெறாது. உக்கடம், ஆத்துப்பாலம் மேம்பால வேலை 2018-இல் தொடங்கியது. அந்த ஆண்டு சேர்ந்த பேட்ச், தூண்களுக்கு நடுவே புழுதி தின்று, பட்டமும் வாங்கிப் போய்விட்டது. பாலம் 2024 ஆகஸ்டில் திறந்தது. இதனால் மிச்சமாகும் நிமிடங்கள் மன்றப் பணிக்குப் போகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பேக்கரி பெஞ்சிலிருந்து தெரிந்தவரை, காலையில் மிச்சமானதைத் தூக்கம் எடுத்துக்கொண்டது. மாலையில் மிச்சமானது காளான் கடைக்குப் போகிறது. அங்கே தட்டை ஏந்தி நிற்கும் முதலாமாண்டு மாணவர் ஒருவரிடம், எந்த கிளப்பில் இருக்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. போனைத் திறந்து பார்த்துத்தான் சொன்னார்.