தாமதவியல்: ஏழு மணி விருந்தும் எட்டேகால் மணி விருந்தினரும்

நுதலிய பொருள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் வீட்டுக் கல்யாண விருந்தென்றால் அழைப்பிதழில் 'இரவு மணி 7.00' என்று அச்சாகும். அந்நேரத்தில் மண்டபத்தில் இருப்போர் மூவகையர்: மைக் செட்காரர், சமையல்காரர், பெண்ணின் பெரியப்பா. ஏனையோர் எட்டேகாலை ஒட்டி வந்து சேர்வர். இதைச் சமுதாயக் குறை என்று மேடைதோறும் முழங்குவோர் எவரும் இதுவரை நிலப்படத்தைத் திறந்து பார்க்கவில்லை. இக்கட்டுரை பார்க்கிறது.

சூத்திரம்

பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். முன்னோர் கணக்கில் நாழிகைக்கு 6 பாகை. ஜோதிடர் ஒரு லக்னத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தருவதும் ராசிக்கு 30 பாகை என்பதால்தான்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் இருப்பது கிழக்கே 101.7 பாகையில். மலேசியக் கடிகாரமோ 120 பாகைக்கு ஓடுகிறது. அந்தத் தீர்க்கரேகை மலேசிய மண்ணைத் தொடுவதே இல்லை. சபாவின் கிழக்கு முனையே 119 பாகையைச் சற்றுத் தாண்டி நின்றுவிடுகிறது. வேறுபாடு 18.3 பாகை. நான்கால் பெருக்கினால் 73 நிமிடம். அதாவது கடிகாரம் ஏழு அடிக்கையில் பிரிக்பீல்ட்ஸ் சூரியனுக்கு மணி 5.47. சூரியனுக்கு ஏழாகும்போது கடிகாரத்தில் 8.13. விருந்தினர் வரும் நேரமும் அதுவே.

வரலாற்றுச் சான்று

'எங்கள் தாத்தா காலத்தில் இப்படியா?' என்பார் உளர். அவர் சொல்வது சரி. 1905-இல் மலாயாவின் நேரம் 105 பாகைக்கு வைக்கப்பட்டது; கோலாலம்பூருக்கு 13 நிமிட வேறுபாடுதான். 1933-இல் 20 நிமிடமும் 1941-இல் மேலும் 10 நிமிடமும் கூட்டியதில் 43 ஆயிற்று. 1942-இல் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்த, 133. அக்காலத்தில் தாமதமாக வரத் துணிந்தவர் இலர், அது புறனடை. போருக்குப் பின் மீண்டும் 43. கடைசியில், சபா சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்க, 1981 டிசம்பர் 31 இரவு 11.30-ஐ நள்ளிரவு 12 ஆக்கினார்கள். அந்த அரைமணியோடு 73. ஆக, தாமதத்தை வளர்த்தது தமிழர் அல்லர், அரசாணை.

வயிறும் சாட்சி சொல்லும். இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 1.13-க்கு. லுஹர் தொழுகைக்குப் பாங்கு ஒலிப்பதும் ஒரு மணியை ஒட்டித்தான். ஜாலான் துன் சம்பந்தன் வட்டாரத்து வாழையிலைக் கடைகளில் இடம் கிடைக்காத வேளையும் அதுவே.

ஆசங்கையும் விடையும்

அஃதாயின், கிள்ளானிலிருந்து வருவோர் ஒன்பதுக்கு வருவதென்னை? எனின்: கிள்ளான் கால் பாகை மேற்கே உள்ளது. பிரிக்பீல்ட்ஸை உச்சியில் கடந்த சூரியன் கிள்ளானுக்கு மேல் வர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் அவர்கள் உரிமை. எஞ்சியதற்குக் கூட்டரசு நெடுஞ்சாலை பொறுப்பு. அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

சூரியனுக்கு இத்துணை விசுவாசமானவர் ராகு காலத்துக்கு மட்டும் கடிகாரம் பார்ப்பதென்னை? திங்கட்கிழமை ராகு காலம் 7.30-க்கு என்பது காலை 6-க்குச் சூரியன் உதிக்கும் என்று கொண்ட கணக்கு. இங்கே உதிப்பது ஏழை ஒட்டி. காலண்டரைப் பார்த்து 7.30-க்கு வாசலிலேயே நின்றுவிடுபவர் சூரியன்படி 6.17-இல் நிற்கிறார். எனின்: ராகு சூரியனுக்குப் பகைவன். பகைவனுக்குச் சூரியக் கணக்கின் மரியாதை தேவையில்லை என்று நம்மவர் கருதியிருக்கலாம்.

முடிபு

எட்டேகாலுக்கு வருவோர் நேரம் தவறாதவர். ஏழுக்கே வந்து நிற்போர் 73 நிமிடம் முந்தியவர். அவர்களுக்குக் காப்பி கொடுத்து உட்காரவைப்பது வீட்டார் கடமை. கோத்தா கினபாலு 116 பாகையில் இருப்பதால் அங்கே 16 நிமிடத் தாமதமே நியாயம். இதை நேரில் சரிபார்க்க விமானச் சீட்டு எடுத்துத் தரும் புரவலர்கள் முன்வரலாம். ஏழு மணிக்கே பந்தி நிறைய வேண்டும் என்போர் அழைப்பிதழில் 5.47 என்று அச்சிடுக.