அம்பு எங்கே புறப்படுகிறது?

கேள்வி: ப்ளஸ் டூவில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மனப்பாடம் செய்தே மார்க் வாங்கினேன். இப்போது பி.எஸ்சி. வேதியியல். கல்லூரி திறப்பதற்குள் என்ன படிக்கட்டும்?
– ஒரு மாணவி, மயிலாப்பூர்

பதில்: உங்கள் ஊரில் கோயில் கொண்டிருக்கும் திருவள்ளுவர் 1,330 குறளோடு நிறுத்திக்கொண்டார், மனப்பாடம் செய்யலாம். கார்பன் நிறுத்தவே இல்லை. அதன் சேர்மங்கள் கோடிக்கணக்கில்!

அதனால் மனப்பாடத்தை விட்டுவிட்டு, வினைகளில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். மீத்தைல் புரோமைடையும் ஹைட்ராக்சைடையும் எழுதுங்கள். ஹைட்ராக்சைடின் எலக்ட்ரான் ஜோடியிலிருந்து கார்பனுக்கு ஒரு வளைந்த அம்பு. கார்பன்–புரோமின் பிணைப்பிலிருந்து புரோமினுக்கு இன்னொன்று. மெத்தனால் வந்துவிட்டது. அம்பு எப்போதும் எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்துதான் புறப்படும். இது கைவந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

அடுத்து, கார்பனாகப் பாவித்து ஊறவைத்த ஒரு கொண்டைக்கடலையில் நான்கு பல்குச்சிகளை நான்முகியாகக் குத்தி, நுனிகளில் நான்கு நிறக் காய்த்துண்டுகள் செருகுங்கள். அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் செய்யுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. கார்வோன் மூலக்கூறின் ஒரு வடிவம் புதினா வகையில் மணப்பதும், அதன் பிம்பம் சீமைச்சோம்பில் மணப்பதும் இதனால்தான். எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இது.

படிக்க, மாரிசன்–பாய்டு எழுதிய ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாடப்புத்தகத்தின் பழைய பிரதியே போதும்.

இந்தப் பாடத்தில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பெயரும் உண்டு. 1901-ல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்த வேதியியலாளர் கே. வெங்கட்ராமன். பேக்கர்–வெங்கட்ராமன் இடமாற்ற வினை அவர் பெயரில்தான் வழங்குகிறது. அந்த வினை பாடத்தில் வரும்போது அம்புகளை நீங்களே போட்டுப் பாருங்கள்.