ஒரு ஸ்பூன் மட்டும்

கடலை வாங்கப் போனால் நாலு கடலையைத் தோல் ஊதி வாயில் போட்டுக்கொண்டு, "என்னப்பா, வறுவல் பத்தலையே" என்று குறை சொல்லிவிட்டு அப்புறம் விலை கேட்கும் பரம்பரை நம்முடையது. திராட்சை வண்டியில் ஒரு பழம், மிட்டாய்க் கடையில் காகிதத் துணுக்கில் ஒரு விள்ளல் மைசூர்பாகு, அரிசி மண்டியில் உள்ளங்கையில் பத்து மணி. காசு கொடுப்பதற்கு முன் நாக்கைக் கலந்தாலோசிப்பது இந்த ஊரில் பிறப்புரிமையாக இருந்தது. சூப்பர் மார்க்கெட் வந்து அந்த உரிமையின் மேல் கண்ணாடி மூடியைப் போட்டது. பெரும்பாலோர் அடங்கிப் போய்விட்டோம். அடங்காமல் நிற்பவர் ஒருவர்தான். அவர் ஐஸ்கிரீம் ருசிஞர்.

உங்கள் தெருவிலும் இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ தணிக்கைத் துறையிலோ அடுத்தவர் கணக்கில் பிழை கண்டே காலம் தள்ளி ஓய்வு பெற்றிருப்பார். காபியை முகர்ந்து சிக்கரி எத்தனை பங்கு என்று சொல்வார். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்பதால் அவர் சொன்னது இன்றுவரை சரியாகவே இருந்து வருகிறது. கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்றுகிறவரை நிறுத்தி, "பெருங்காயம் கட்டியா, தூளா?" என்று விசாரிப்பவரும் இவரே. இப்படிப் பல துறைகளில் பயிற்சி பெற்ற நாக்கு, கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஐஸ்கிரீம் ஃப்ரீஸர்.

எங்கள் தெருக்காரரை வைத்தே சொல்கிறேன். மற்றவர்கள் ஃப்ரீஸரைத் தள்ளித் திறந்து, மேலே இருக்கும் பட்டர்ஸ்காட்சை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொள்வார். மேலடுக்கை ஒதுக்கிவிட்டு, அடியில் உறைந்து கிடப்பதைத் தோண்டி எடுப்பார். "மேல இருக்கறதெல்லாம் ஜனங்க திறந்து திறந்து மூடி, இளகி இறுகினது. பனித்துகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாயிடும். நாக்குல மணல் மாதிரி நறநறங்கும்" என்பார். சொல்வது உண்மைதான். ஆனால் சொல்லி முடிக்கும்வரை ஃப்ரீஸரைத் திறந்தே வைத்திருப்பார்.

கடைப்பெண் ஓடி வருவாள். "சார், என்ன ஃப்ளேவர் வேணும்?"

"ஃப்ளேவர் இருக்கட்டும்மா. டெம்பரேச்சர் என்ன?"

"ஜில்லுனுதான் சார் இருக்கு."

"மைனஸ் பதினெட்டு இருக்கணும்."

அவள் மைனஸ் பதினெட்டைத் தேடி அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். அதற்குள் பக்கத்தில் குழந்தையோடு நிற்கும் பெண் மாட்டிக்கொள்வார். "பாலை லிட்டர்ல விக்கறான், சரி, அது திரவம். இது கட்டி. இதை ஏன் கிலோவுல விக்காம மில்லியில விக்கறான், யோசிச்சிருக்கீங்களா?" அந்தப் பெண் யோசித்ததில்லை. யோசிக்கும் உத்தேசமும் இல்லை. "காத்து! பாதி காத்துக்குத்தான் நீங்க காசு குடுக்கறீங்க!" குழந்தை தன் கையிலிருக்கும் டப்பாவைச் சந்தேகமாகப் பார்க்கும்.

இதிலும் அவர் பக்கம் நியாயம் உண்டு. கடையும்போது காற்று சேர்க்காவிட்டால் ஐஸ்கிரீம் கல்லாகிவிடும், ஸ்பூன்தான் வளையும். எவ்வளவு காற்று அடைக்கலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் சுற்றி வளைத்து ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது. ருசிஞர் இதை எங்கோ படித்துவிட்டார். அன்றே சமையலறைத் தராசு ஒன்று வாங்கினார். 700 மில்லி பெட்டி என்றால் உள்ளே 367.5 கிராம் நிற்க வேண்டும். அந்த அரை கிராமைக்கூட அவர் எந்தக் கம்பெனிக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காலி டப்பாவின் எடையை மூடியோடும் மூடி இல்லாமலும் தனித்தனியாக டைரியில் குறித்து வைத்திருக்கிறார். 2025 செப்டம்பரில் ஐஸ்கிரீமுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியதும், இந்தப் பக்கம் விலையைக் குறைத்துவிட்டு அந்தப் பக்கம் காற்றை ஏற்றியிருப்பார்கள் என்று அடித்துச் சொன்னார். நிறுத்துப் பார்த்தார். எடை அப்படியே இருந்தது. அன்று முழுக்க மனிதர் முகத்தில் களையே இல்லை.

அடுத்தது பொடி எழுத்துப் பரீட்சை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டப்பாவைக் கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் பிடித்து அவர் முதலில் தேடுவது, அது ஐஸ்கிரீம்தானா, ஃப்ரோசன் டெசர்ட்டா என்பதை. பால் கொழுப்பில் செய்தால்தான் ஐஸ்கிரீம் என்று பெயர் வைக்கலாம், அதுவும் முழு ஐஸ்கிரீம் என்றால் பத்து சதவீதம் பால் கொழுப்பாவது வேண்டும். பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பில் செய்தால் அது ஃப்ரோசன் டெசர்ட். இரண்டும் ஒரே ஃப்ரீஸரில் தோள் உரசிக் கிடக்கும். ஒரே நிறம், ஒரே மாதிரி முந்திரிப் படம். இதை வைத்து அமுலுக்கும் இந்துஸ்தான் யூனிலீவருக்கும் 2017-ல் மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சொந்தப் பங்காளி வழக்கைப்போல அதை வாய்தா வாய்தாவாக விவரிப்பார். சோளம் பொரிந்து ஆறும்வரை, பில் போடும் பையன் சுருளை மாற்றி முடிக்கும்வரை விவரிப்பார். தன் முறை வந்ததும் மட்டும், "தம்பி, சீக்கிரம், உருகிடும்" என்று அவசரப்படுத்துவார்.

சேர்மானப் பட்டியலில் எண்கள் வரும். 407, 410, 412 என்று பேருந்துத் தடம்போல. அவற்றை மனப்பாடமாகச் சொல்வார். இதில்தான் வீட்டில் ஒரு முறை வசமாக மாட்டினார். 412 என்றால் என்ன தாத்தா என்று பேத்தி கேட்டாள். குவார் கம், கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பசை, ராஜஸ்தானில் ஏக்கர் ஏக்கராகப் பயிரிடுகிறார்கள், ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் பிடித்து வைப்பது அதுதான் என்று பெருமையாக விளக்கினார். சமையலறையிலிருந்து அவர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"கொத்தவரங்காய் பொரியல் பண்ணினா தட்டை நகர்த்தி வைக்கறீங்களே. முப்பது வருஷமா அதைத்தானே ஸ்பூன் ஸ்பூனா முழுங்கிட்டிருக்கீங்க?"

டூட்டி ஃப்ரூட்டியில் வரும் சிவப்பு, பச்சைத் துண்டுகள் பாகில் ஊறிய பப்பாளிக்காய்தான் என்ற அடுத்த தகவலை அவர் அன்று வெளியிடவில்லை.

வீட்டு அமர்வு ஞாயிறு மாலை நாலு மணிக்கு. முன்னேற்பாடுகள் மதியமே தொடங்கிவிடும். சாப்பாட்டில் பூண்டு ஊறுகாய் கிடையாது, வெற்றிலை கிடையாது, மூன்று மணிக் காபியும் ரத்து. ஒவ்வொரு ருசிக்கும் நடுவில் கொப்பளிக்க வெந்நீர். மரக்குச்சி ஸ்பூனுக்கு அனுமதி இல்லை, அதில் மரத்தின் வாசனை வருமாம். அமெரிக்காவில் ட்ரையர்ஸ் ஐஸ்கிரீம் கம்பெனியில் ஜான் ஹாரிசன் என்று ஒரு ருசி பார்ப்பவர் இருந்தார். வேறு வாசனை ஒட்டக் கூடாது என்று தங்க முலாம் பூசிய ஸ்பூனில்தான் சுவைப்பார். அவர் நாக்கைப் பத்து லட்சம் டாலருக்குக் கம்பெனி காப்பீடு செய்திருந்தது. இதை ருசிஞர் சொல்லாத ஞாயிறு இல்லை. "உங்க நாக்குக்கும் ஒண்ணு எடுத்து வைக்கலாம். எந்த ஊர்ல யார்கிட்ட என்னிக்கு அடி வாங்குமோ" என்று அம்மாள் சொல்லாத ஞாயிறும் இல்லை.

டப்பாக்கள் மேசைக்கு வரும். பேரப்பிள்ளைகள் ஸ்பூனோடு பாய்வார்கள். "பொறு!" என்று கை நீட்டித் தடுப்பார். ஐஸ்கிரீம் பத்து நிமிடம் வெளியே இருந்து இளக வேண்டும். ஏனென்றால் கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போகும், இனிப்பு அரைவாசிதான் தெரியும். அதை ஈடுகட்டத்தான் கம்பெனிக்காரன் சர்க்கரையை அள்ளிப் போடுகிறான். உருகிய ஐஸ்கிரீமைக் குடித்தால் திகட்டுவது அதனால்தான். விளக்கம் அருமையான விளக்கம். குழந்தைகளுக்குத்தான் கண்ணில் நீர் கட்டிவிடும். மே மாதம், சென்னை, நாலு மணி. பத்து நிமிடத்தில் அது என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிறகு அந்தத் தருணம். ஸ்பூன் நுனியில் நகக்கண் அளவு எடுப்பார். கண்ணை மூடுவார். மேலண்ணத்தில் அப்பி, முன்னால் தள்ளி, அடிநாக்குக்கு உருட்டி, ஒரு சின்ன உறிஞ்சல். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு ஓசை இருக்காது. தீர்ப்பு தவணை முறையில் வரும்.

"வாசனை முன்னால வருது... பால் பின்னால வருது... நடுவுல ஒண்ணும் வரலை."

அடுத்த டப்பா. "பிசுபிசுன்னு அண்ணத்துல படியுது. எண்ணெய்."

அடுத்தது. "லேசாக் காறல். பால் பவுடர் பழசு."

பிஸ்தா வந்தால் கரண்டியால் கிளறி பருப்பை எண்ணுவார். பச்சை நிறம் பாட்டிலில் இருந்து வந்தது என்பார், கடித்தது முந்திரி என்பார், இரண்டும் சரியாகவே இருக்கும். ஆனால் இந்த வண்ண வேடிக்கையெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். சீதாப்பழம், இளநீர், பீடா, கருப்பட்டி என்று என்ன வந்தாலும் பார்க்கும் பார்வையில் ஓர் இளக்காரம் இருக்கும். பரீட்சை என்றால் வெண்ணிலாதான். அது சோறு மாதிரி, குழம்பு போட்டு மறைக்க முடியாது என்பார். இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க அவர் கட்சி. நல்ல வெண்ணிலா செய்யத் தெரியாதவர்கள்தான் அதில் பிஸ்கட்டை உடைத்துப் போட்டுப் புதுப் பெயர் வைக்கிறார்கள்.

மார்க் பத்துக்கு. யாருக்கும் ஏழுக்கு மேல் போட்டதில்லை. "கூடப் போட்டா அடுத்த வருஷம் கெட்டுடுவான்" என்பது கொள்கை. பத்துக்குப் பத்து வாங்கியவர்களும் உண்டு. எல்லாம் இப்போது இல்லாத கடைகள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த தாசப்பிரகாஷ் ஓட்டல் ஐஸ்கிரீமுக்குப் பத்து. டொக் டொக்கென்று பெட்டியைத் தட்டிக்கொண்டு வந்த பால் ஐஸ்காரருக்குப் பத்து. 1970-ல் ராயபுரத்தில் சந்திரமோகன் சின்ன இடத்தில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்துதான் அருண் ஐஸ்கிரீம் ஆயிற்று என்று அவர் சொல்லும் விதத்தைக் கேட்டால், அந்த முதல் குச்சியைச் சப்பியவரே இவர்தான் என்று தோன்றும். அந்த வருஷம் இவர் திருவாரூரில் ஆறாம் வகுப்பு.

ஐஸ்கிரீம் பார்லர்களுக்கும் இவர் போவதுண்டு. பாஸ்கின் ராபின்ஸில் ருசி பார்க்கச் சின்ன ரோஸ் ஸ்பூனில் இனாமாகத் தருவார்கள் என்று தெரிந்த நாள் அவர் வாழ்வில் ஒரு திருநாள். முப்பத்தொரு வகை என்பது அந்தக் கம்பெனியின் பழைய பெருமை. அதைச் சரிபார்க்கும் பொறுப்பை இவர் ஏற்றுக்கொண்டார். கவுண்டர் பையன் நல்ல பிள்ளை, கேட்கக் கேட்கக் கொடுத்தான். பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. கடைசியில், "எல்லாம் பார்த்தாச்சு. ஒரு வெண்ணிலா, சிங்கிள், கப்புல" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியை மட்டும் கழற்றி மாட்டிக்கொண்டான்.

அந்த ஒரு கப்பையும் அவர் சாப்பிடவில்லை, பேத்தியிடம் கொடுத்துவிட்டார் என்பதைக் கவனித்தபோதுதான் எனக்கு விஷயம் மெல்லப் பிடிபட்டது. கிண்ணம் நிறைய ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. விசாரித்தால், பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. மூணு மாசச் சர்க்கரை கணக்கு எட்டைத் தாண்டியதும், "ஐஸ்கிரீம் சாப்பிடறதை அடியோட விடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தணிக்கைத் துறை மூளை அல்லவா, 'சாப்பிடுவது' என்ற வார்த்தையில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டது. ருசி பார்ப்பது சாப்பிடுவதாகாது. ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து கம்பெனி, கம்பெனிக்கு மூன்று வகை, சந்தேகம் வந்தால் மறுபரிசீலனை. அவருக்குச் சந்தேகம் நிறைய வரும். நகக்கண் நகக்கண்ணாக ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக் கிண்ணம் உள்ளே போய்விடும். திங்கட்கிழமை கேட்டால், "ஐஸ்கிரீமா? தொட்டே வருஷக்கணக்காச்சு சார். ஏதோ ஒரு ஸ்பூன் மட்டும், பசங்களுக்காக."

அம்மாளுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு ராத்திரி அவருக்கு இரண்டு சப்பாத்திக்குப் பதில் ஒன்றுதான் வரும், தொட்டுக்கொள்ள வெந்தயக் கீரை. காரணம் சொல்லப்படுவதில்லை, அவரும் கேட்பதில்லை.

ஒருநாள் அம்மாளிடமே கேட்டேன், "இவ்வளவு வாங்கறீங்களே மாமி, எது நல்லா இருக்கு?" கொஞ்சமும் யோசிக்காமல் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே கம்பெனிவாரியாக டப்பாக்கள். பட்டர்ஸ்காட்சில் கறிவேப்பிலை, ஸ்ட்ராபெர்ரியில் தேங்காய்த் துருவல், சாக்லேட்டில் ஊறவைத்த கொண்டைக்கடலை.

"இந்த சிவப்பு மூடி ரெண்டு மாசத்துல விரிஞ்சிடும். இது எண்ணெய்ப் பசை போகாது. இதுல விளிம்பு கூர், கையை அறுக்கும்" என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்து, அடித்தட்டிலிருந்து வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து மேடையில் வைத்தார். ஒரு லிட்டர் வெண்ணிலா. "இது ஒண்ணுதான் உருப்படி. மாவு பொங்கினாக்கூட மூடி அசையாது. இனிமே இதையே வாங்குங்கோன்னு சொல்லிட்டேன்."

சார் டைரியில் அந்தக் கம்பெனிக்கு நாலரை மார்க். இந்த மாதம் மட்டும் மூன்று டப்பா வாங்கியிருக்கிறார்.