ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு

கேள்வி: போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது, அப்பா தோட்டத்தில் வைத்திருந்த சிமென்ட் கொக்கு கிடைத்தது. அலகு உடைந்து, காலில் கம்பி தெரிகிறது. தூக்கிப் போடச் சொல்கிறார்கள் பிள்ளைகள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இத்தனை வருஷம் அது ஒற்றைக்காலில் நின்று காத்திருந்ததே உங்களுக்காகத்தான் அம்மா! போட்டுவிடாதீர்கள்.

அந்தக் கம்பிதான் நோய். துருப்பிடித்த இரும்பு பருக்கும், மேலே இருக்கும் சிமென்டைப் பிளக்கும். துருவின் மேலேயே பூசி மறைத்தால் மறுபடி வெடிக்கும். பாசியைத் தேங்காய் நாரால் தேயுங்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம், அது சிமென்டையே தின்னும். கம்பியை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள். காய்ந்ததும் ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் குழைத்து அலகு பிடியுங்கள். 7 நாள் ஈரச்சாக்கு சுற்றி வையுங்கள். அவசரப்பட்டால் அலகு கையோடு வந்துவிடும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், நனைத்தே சுரண்டுங்கள். அடியில் அப்பா அடித்த முதல் நிறம் தெரிந்தால் அதையே அடியுங்கள்.

பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்: 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லாம்போர்ட் ஹால் தோட்டத்தில் சார்லஸ் ஐஷாம் என்பவர் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த சுடுமண் குள்ளர் பொம்மைகளை வைத்தார். அவர் மகள்களுக்குப் பிடிக்கவில்லை, ஒழித்துவிட்டார்கள். தப்பியது ஒன்றே ஒன்று. இன்று அந்த மாளிகையின் பெருமையே அந்தக் குள்ளர்தான்.