டீயும் இல்லை, பாயும் இல்லை

எங்கள் வீட்டு டீப்பாயில் டீ வைத்ததாகச் சரித்திரமே கிடையாது. நாங்கள் காபிக் குடும்பம். கரண்ட் பில், மாமனாரின் மாத்திரை டப்பா, பல்லில்லாத சீப்பு என்று சகலமும் அதன்மேல் இருக்கும். என் காபி டம்ளருக்கு மட்டும் இடம் இருக்காது.

அந்தப் பேரிலேயே டீ கிடையாது, தெரியுமோ? இந்துஸ்தானியில் 'தீன்' என்றால் மூன்று. பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால். முக்காலிக்குப் பெயர் 'திபாய்'. நாலு கால் கட்டிலை 'சார்பாய்' என்கிற அதே கணக்கு. வெள்ளைக்காரன் காதில் அது டீயாக விழுந்தது. சீமையில் டீத்தூள் பெட்டிக்குக் கால் வைத்து, அதையும் டீப்பாய் என்று விற்றார்கள். இது சுத்தத் தப்பு என்று யூலும் பர்னெலும் 1886இல் வந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியில் எழுதினார்கள். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். ஜட்ஜ் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். புது டீப்பாய் செய்ய வந்த ஆசாரியிடம், "மூணு கால்தான் முறை" என்றேன். எங்கள் வீட்டுத் தரை மேடும் பள்ளமும். பழைய டீப்பாய்க்குக் காலண்டர் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தே காலம் போயிற்று. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது என்று விளக்கமும் கொடுத்தேன்.

"பலகை வட்டமாங்க, சதுரமா?"

"சதுரம்."

"சரிங்க" என்றார். அந்த "சரிங்க"விலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

டீப்பாய் ஆடவே இல்லை. சம்பந்தி வந்து மூலையில் முழங்கையை ஊன்றியதும் நேராகக் கவிழ்ந்தது. பஜ்ஜி, சட்னி, காபி, எல்லாம் அவர் வேட்டியில்.

கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு வரக்கூடாது என்று பராந்தகச் சோழன் காலத்திலேயே, 921இல், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிவைத்த ஊர் எங்கள் உத்திரமேரூர். என் மனைவி பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். டீப்பாய்க்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்டாள். பாரசீகம்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவள், "நாலாவது காலுக்கு எவ்வளவு ஆகும்னு ஆசாரியைக் கேளுங்க" என்றாள்.

கேட்கப் போனேன். அதை அவர் அன்றைக்கே இழைத்து எடுத்து வைத்திருந்தார்.

இப்போது டீப்பாய் நாலு காலில் நிற்கிறது. அதாவது, ஆடுகிறது. இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு. டம்ளரை மட்டும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.