ஒறிஜினல் அண்ணன்

திரையில் பெயர்கள் ஓடி முடிந்திருக்காது, பக்கத்துக் கதிரையிலிருந்து முழங்கை இடிக்கும். "தம்பி, இது கொரியாப் படம்." அங்கே காரைக்குடி வீடொன்றில் ஆச்சி ஒருத்தி முறுக்குப் பிழிந்துகொண்டிருப்பாள். இதில் கொரியா எங்கே என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால், ஆச்சி கடைசியில் ஏன் சாகிறாள், சாகடிப்பது எந்தப் பேரன் என்பதுவரை சொல்லிவிட்டு, "நான் ஒண்டும் சொல்லல்ல, நீங்க பாருங்க" என்று கச்சான் பையைப் பிரிப்பார்.

வாழைச்சேனை, கல்குடா, பாசிக்குடாப் பக்கமிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் படம் பார்க்கப் போகும் எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்கள் பங்குக்கு வாய்த்தவர் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறார். மாரிகாலத்தில் அறைகள் வெறுமையாகக் கிடக்கும், வைஃபை மட்டும் தாராளம். அந்தத் தாராளத்தில் வளர்ந்த அறிவு இது. ஒரு கொரியப் படத்தையும் அவர் தியேட்டரில் பார்த்ததில்லை. பொங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தின் வயல்வெளி முழுவதும் அவருடைய உள்ளங்கைக்குள் அடங்கியதுதான். ஆனாலும் நாங்கள் காசு கொடுத்துப் பார்க்கும் பெரிய திரையில் குறை பிடிப்பார். "ஒறிஜினல்ல இந்த இடத்தில மழை. இவன் மழைக்கும் காசு செலவழிக்கல்ல."

ஆதாரம் காட்டி இவரை மடக்க முடியாது. ஜெயம் ரவி நடித்த 'மிருதன்', 'ட்ரெயின் டு பூசான்' படத்தின் களவு என்றார். 'மிருதன்' வந்தது 2016 பெப்ரவரியில், பூசான் ரயில் கான் விழாவுக்கே மே மாதம்தான் போனது என்றேன். "அதான் தம்பி, வரமுன்னமே களவெடுத்திட்டான்!" 'ஓல்ட்பாய்' படமே ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையில் இருந்து வந்ததுதானே என்று இன்னொரு நாள் கேட்டேன். "ஜப்பானும் கொரியாவும் பக்கத்துப் பக்கம்தானே" என்று அயல்வீட்டுக் கறிச்சட்டி விவகாரம்போல முடித்துவிட்டார். வடமோடிக் கூத்துக் களரியில் கொண்டுபோய் இருத்தினாலும், அபிமன்யு வரவு ஆடி முடிக்குமுன் "இது மகாபாரதத்தில சுட்டது" என்பார்.

உரிமை வாங்கி நேர்மையாக எடுத்த படங்களில் அவருக்கு அக்கறையே இல்லை. நயன்தாராவின் 'நெற்றிக்கண்' 2021இல் வந்தபோது, 'பிளைண்ட்' என்ற கொரியப் படத்தின் மறு ஆக்கம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். கண்டுபிடிக்க எதையும் மிச்சம் வைக்காத படத்தை அவர் எதற்குப் பார்க்க வேண்டும்?

அவர் ஒரேயொரு முறை ஆடிப்போனார். 2020 பெப்ரவரியில் 'பாரசைட்' ஒஸ்கார் வாங்கியது. ஆங்கிலமல்லாத மொழிப் படமொன்று சிறந்த படமானது அதுதான் முதல் தடவை. ஹோட்டல் சமையலறைவரை போய் அண்ணன் கை குலுக்கினார். அந்த வாரமே தயாரிப்பாளர் பி.எல்.தேனப்பன், 'பாரசைட்' கதை விஜய் நடித்த 'மின்சார கண்ணா'வில் இருந்து எடுத்தது, வழக்குப் போடுவேன் என்றார். 'மின்சார கண்ணா' வந்தது 1999இல். கொரியாக்காரன் எங்களிடம் களவெடுத்தானா? இரண்டு நாள் அண்ணனின் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் வந்து, "அந்த மின்சார கண்ணாவே ஒரு பழைய கொரியாப் படம்தான். பேர்தான் வாயில வருகுதில்ல" என்றார். இன்னும் வரவில்லை.

ஒருமுறை அவருடைய ஹோட்டலுக்கு உண்மையான கொரியத் தம்பதி வந்தார்கள். பைகளை இறக்குமுன்னே 'ஓல்ட்பாய்' பற்றிக் கேட்டாராம். இரத்தம் வரும் படங்கள் தமக்குப் பிடிக்காது என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரம் எங்களுக்கு அறிக்கை வந்தது: "அவன் கொரியாக்காரனே இல்ல தம்பி. வேற எங்கயோ ஆள்."

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எரிச்சலும் உண்மைதான். ரஜினி, விஜய் படங்கள் வந்த நாளிலேயே எங்கள் பக்கம் ஓடும். கொரியப் படம் எதுவும் இங்கே திரைக்கு வந்து நான் அறியேன். பெரிய திரையில் வெளிநாட்டுப் படம் வேண்டுமென்றால் இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போக வேண்டும். ஒரு படத்துக்காக அந்த மீனகயா ரயிலில் இரவு முழுக்கக் குலுங்கிப்போக யாரிடம் காசும் லீவும் இருக்கிறது? எனவே உலக சினிமா எங்களுக்கு இவர் வாய் வழியாகத்தான் வருகிறது, அதுவும் கடைசிக் காட்சியில் இருந்து.

சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாத ஊரில், ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை அவருடையது. எண்ணெய் தீர்ந்தால் படம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், முடிவு தெரியாமலே வீட்டுக்குப் போக வேண்டும். முடிவுகளை இப்படிக் கட்டிக்காத்து வைத்திருப்பது அதனால்தானோ என்று நினைத்தால் கொஞ்சம் கோபம் ஆறும். அடுத்த இடைவேளைவரை.

இப்போது அவர் வாயில் இருப்பது பார்க் சான்-வூக்கின் 'நோ அதர் சாய்ஸ்', 2025இல் வெனிஸ் விழாவுக்குப் போன படம். 'ஸ்குவிட் கேம்' முகமூடிக்காரர் லீ பியுங்-ஹுன்தான் நாயகன். கடதாசிக் கம்பனி வேலை பறிபோனவன், அடுத்த வேலைக்குப் போட்டியாக வரக்கூடியவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டக் கிளம்புகிறான். முடிவையும் அண்ணன் சொல்லிவிட்டார், நான் இங்கே எழுதமாட்டேன். "இதைத் தமிழில எவன் சுடப்போறானோ" என்று கவலைப்பட்டார். இது டொனால்ட் வெஸ்ட்லேக் என்ற அமெரிக்கர் 1997இல் எழுதிய நாவல், பிரான்சில் கோஸ்டா-கவ்ராஸ் 2005இலேயே படமாக எடுத்துவிட்டார் என்றேன்.

அண்ணன் பிளேன்டீயைக் கீழே வைத்தார். நிறைய நேரம் யோசித்தார்.

"அந்த எழுத்தாளர் கொரியாவில இருந்தவரா, தம்பி?"