பத்து ரூபாய் லைட்டர் கொண்டுவருவது எப்படி?

இறக்குமதி வியாபாரத்தில் புதிதாக இறங்கும் அன்பர்களே, முதலில் சரக்கைத் தேர்ந்தெடுங்கள். சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும். கெட்டுப்போனால் யாரும் கடைக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. சீனத்துப் பிளாஸ்டிக் லைட்டரை விடத் தோதான சரக்கு கிடையாது.

ஒரு சின்ன இடைஞ்சல். இங்கே வந்திறங்கும் விலை ஒன்றுக்கு 20 ரூபாய்க்குக் குறைந்தால், 2023 ஜூன் கடைசியிலிருந்து அந்த லைட்டருக்குத் தடை. பதற வேண்டாம். ஆணையை ஊன்றிப் படித்தால் தடை லைட்டருக்கு இல்லை, விலைக்கு. மற்றவர்கள் வரிக்குப் பயந்து பில்லில் விலையைக் குறைத்து எழுதுவார்கள்; நீங்கள் கூட்டி எழுதுங்கள். சுங்க அதிகாரிக்கே கண் கலங்கும். இருபதுக்கு வாங்கி, வரியும் கட்டி, பத்துக்கு எப்படி விற்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், மக்கள் சேவை என்று சொல்லிவிடலாம்.

உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே மாட்டலாம் என்றொரு யோசனை இருந்தது. சக்கரம் தனி, கூடு தனி. நாலு பேரை உட்காரவைத்தால் உள்நாட்டுத் தயாரிப்பு! 2024 அக்டோபரில் அதற்கும் தடை வந்துவிட்டது. மிச்சம் பழைய வழிதான்: பட்டியலில் பொம்மை, பெட்டிக்குள் லைட்டர். தூத்துக்குடி மட்டும் வேண்டாம். தீப்பெட்டி செய்யும் கோவில்பட்டி அந்த மாவட்டம். தீப்பெட்டி கப்பலேறும் இடத்திலேயே லைட்டரை இறக்குவது அவ்வளவு நன்றாக இருக்காது.

தீப்பெட்டிக்காரர்கள் புலம்புவார்கள். ஒரு லைட்டர் இருபது பெட்டியைத் தின்றுவிடுகிறது என்பது அவர்கள் கணக்கு. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாம் ஏறியும் பதினாலு வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. அதையே நாடு முழுக்கச் செய்தியாக்கினோம்.

மனம் இளகிவிடாதீர்கள், சரித்திரம் பேசுங்கள். ஒரு காலத்தில் இங்கே எரிந்ததெல்லாம் ஸ்வீடன், ஜப்பான் தீக்குச்சிதானே? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் படித்து சிவகாசி திரும்பினார்கள். அதே வருஷம் வெள்ளைக்காரன் கஜானாவுக்காகப் போட்ட இறக்குமதி வரியின் நிழலில்தான் உள்ளூர்ப் பெட்டி தலையெடுத்தது. ஸ்வீடன்காரன் சும்மா இருந்தானா? மறு வருஷமே ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச்’ என்று கம்பெனி ஆரம்பித்து, வரிச் சுவருக்கு உள்ளேயே குடிவந்துவிட்டான். அந்தச் சாமர்த்தியத்துக்கு முன்னால் உங்கள் பொம்மைப் பட்டியல் எந்த மூலைக்கு?

விற்பனையைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கள் தெரு டீக்கடையில் லைட்டரைச் சணலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தீப்பெட்டிக்கு யாரும் சணல் கட்டியதில்லை.

“இதைத்தான் தடை பண்ணியாச்சே அண்ணாச்சி?”

“இது பழைய ஸ்டாக்கு தம்பி.”

போன வருஷமும் பழைய ஸ்டாக்குதான். சீனாக்காரன் சரக்கால் நம்ம ஊர்ப் பெண்கள் வேலை இழக்கிறார்கள் என்று அங்கே தினமும் ஒருவர் பொங்குவார். சிகரெட்டை வாயில் வைத்தபடியே சணலைத் தேடுவார்.

நேற்று விளக்கு வைக்கும் நேரம். சாமி படத்துக்கு மட்டும் லைட்டர் ஆகாதென்று அண்ணாச்சி கல்லாவுக்குள்ளிருந்து தீப்பெட்டியை எடுத்தார். மழைக்கு நமுத்திருந்தது. மூன்று குச்சி உரசினார்; மருந்துதான் உதிர்ந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சணலை இழுத்தார்.